முழுச் சங்கிலியும் எங்கட வீட்டிலதான்

"இஞ்சரப்பா, உந்தப் பெட்டி இண்டைக்காவது கண்ணை மூடுமோ, இல்லாட்டி ஆயுள் முழுக்க இரைஞ்சுகொண்டுதான் கிடக்குமோ?"

குசினியில் நின்றுதான் சுசிலா கேட்டாள். பதில் வராது என்று அவளுக்குத் தெரியும். வருசக்கணக்காகப் படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அவளின் புருசன் அல்பேர்ட்டுக்குக் காது பாதி போய்விட்டது. மீதிப் பாதியை அவர் தனக்கு வேண்டிய கதைக்கு மட்டும் வைத்திருந்தார்.

பெட்டி என்றது கொம்பியூட்டரை. மகன் யூட்சன் கட்டாருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. போன மாரியில் அல்பேர்ட்டுக்கு நாரி பிடித்து, இடுப்பு நிமிராமல் போய், இனிக் கடல் வேண்டாம் என்று டொக்டர் சொன்ன பிறகு மனுசனுக்கு வீட்டில் செய்ய ஒரு வேலையுமில்லை. கோழி கலைத்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். சுசிலாவின் கறிச்சட்டியைத் திறந்து உப்புக் காணாது என்றார். இந்த நேரம் பார்த்துத்தான் சுவிசில் இருக்கும் அக்காவின் மகன் அனிஸ்ரன் போன் எடுத்து, "மாமா, சும்மாதானே இருக்கிறியள், ஒரு நோட் ஓட்டுங்கோவன்" என்றான்.

"நோட்டோ?" சுசிலா எட்டி வந்தாள். "எத்தினை ரூபா நோட்டு? அடிக்கிறதெண்டா வாசலைப் பூட்டிப்போட்டு அடியுங்கோ."

"நோட்டு இல்லையப்பா, நோட். பிட்கொயின் எண்டு ஒரு காசு இருக்கு. கையில பிடிக்கேலாது. அதை ஆர் ஆருக்கு அனுப்பினாலும், முதல் நாளில இருந்து இண்டைக்கு மட்டும் எல்லாம் சங்கிலி மாதிரிக் கோத்துக் கிடக்கும். கண்ணிக்குப் பின்னால கண்ணி. அந்த முழுச் சங்கிலியையும் எங்கட பெட்டிக்குள்ள இறக்கி வைச்சு, ஒவ்வொரு கண்ணியும் சரியோ எண்டு பெட்டி பாக்கும். உலகம் முழுக்க இப்பிடிக் கன பேர் வீட்டில வைச்சிருக்கினம். அதால ஒருத்தன் நடுவில பூந்து கள்ளக் கண்ணி கோக்கேலாது."

"சரி. பாக்கிறதுக்கு என்ன தருவினம்?"

"ஒண்டும் தராயினம்."

"அந்தக் காசில கொஞ்சமாவது?"

"அதுவும் இல்லை."

"கரண்ட் பில்?"

"அது நாங்கள்தான் கட்டோணும்."

சுசிலா அகப்பையைக் கீழே வைத்தாள். "ஆரோ ஆருக்கோ காசு குடுக்க, முல்லைத்தீவுக் கரையில நாரி பிடிச்ச ஒரு மனுசன் தன்ர கரண்டில இருந்து சரியோ பிழையோ எண்டு பாக்கிறார். மெய்யேப்பா, அந்த நாரி எண்ணெயில கொஞ்சத்தைத் தலைக்கும் பூசினால் என்ன?"

அல்பேர்ட் கோபிக்கவில்லை. "சுசிலா, நானும் நீயும் எங்கட வாழ்க்கையில ஆற்றை சொல்லை நம்பாம விட்டனாங்கள்? இந்தப் பக்கம் போங்கோ எண்டினம், போனம். அந்தப் பக்கம் பாதுகாப்பு எண்டினம், அங்கயும் போனம். ஒண்டையாவது நாங்களே பாத்துத் தெரிஞ்சனாங்களோ? இது ஒண்டையாவது நான் ஆரையும் கேளாமல் நானே பாக்கிறன்."

மறுமொழி இல்லாவிட்டால் சுசிலா வெங்காயம் உரிப்பாள். அன்று தேவைக்கு மிஞ்சி உரித்தாள்.

அப்படித்தான் தையில் தொடங்கியது. இரவில் டேட்டா மலிவு என்று இரவில் இறக்கி, பகலில் சோதித்து, பெட்டி இரவு பகல் இரைந்தது. பில் வரும் நாளிலெல்லாம் சுசிலா அந்த அறைக்குள் போய், வயரின் தலையில் கையை வைத்து, "இண்டைக்குப் புடுங்குறன், பாத்துக்கொண்டிருங்கோ" என்பாள். பிறகு மனுசனின் முகத்தைப் பார்ப்பாள். கறிச்சட்டியை விட்டு ஆள் ஒழிந்தாரே என்று திரும்பி வருவாள்.

அதோடு அந்த வருசம் அவளுக்கு வேறு பெரிய யோசனை இருந்தது. மாதாவின் நகைப்பெட்டிப் பூட்டைத் திறக்கும் திறப்பு அவளின் கழுத்தில் தொங்கியது.

அந்தக் கரையில் மாதா கோயில் திருவிழா ஆவணியில். திருவிழாவுக்கு முதல் நாள் பின்னேரம், வேஸ்பர் என்ற மாலைச் செபத்துக்கு முன்னால், மாதாவின் சுருவத்துக்குப் புதுச்சேலை உடுத்தி ஒரு பொன் சங்கிலி போடுவார்கள். இடம்பெயர்ந்து போன சனம் திரும்பி வந்த வருசம், தகரக் கொட்டிலில் இருந்துகொண்டே ஆளுக்குக் கொஞ்சம் பொன் போட்டுச் செய்வித்த சங்கிலி அது. ஒருத்தி மூக்குத்தி போட்டாள், ஒருத்தி பிள்ளையின் கைமோதிரம். சுசிலா ஒற்றைத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். மற்றத் தோடு ஓட்டத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது; ஒற்றைக் காதோடு திரிந்தால் கடற்கொள்ளைக்காரி என்பார்கள் என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

சங்கிலிப் பெட்டி பாதரின் அறைவீட்டில் இருக்கும். திறப்பு ஒரு பெண்ணிடம் இருக்கும். திறப்பு வைத்திருப்பவள்தான் மாதாவை உடுத்தலாம். கனகாலமாக அது ராஜினியிடமே இருந்தது. ராஜினி மாதா சபைத் தலைவி. அவள் நினைப்பில் மாதாவுக்கே அவள்தான் தலைவி. புதிதாக மாறி வந்த இளம் பாதர் போன திருவிழா முடிவில், "இனித் திருவுளச்சீட்டுப் போட்டு எடுப்பம்" என்றார். சீட்டில் சுசிலாவின் பேர் விழுந்தது. பெட்டியைப் பூட்டி முடித்த கையோடு ராஜினி திறப்பைக் கொடுத்த விதம், சொந்தப் பல்லைப் பிடுங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது.

சுசிலா அன்று தொடக்கம் அந்த நாளுக்குத்தான் காத்திருந்தாள். நீலக்கரைச் சேலை ஒன்றுக்குத் தன் கையாலேயே சரிகை தைத்தாள்.

திருவிழாவுக்குக் கொடி ஏறி இரண்டொரு நாள். அல்பேர்ட் கரையில் மீன் வாடியடியில் நின்றார். கடலுக்குப் போகாவிட்டாலும், வரும் மீனைக் குறை சொல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. அந்த நேரம் அனிஸ்ரன் போன் எடுத்தான். காது கேளாத மனுசன் மற்றவனுக்கும் கேளாது என்றுதான் நினைப்பார். கடல் இரைச்சலுக்கு மேலால் கத்தினார்.

"ஓமடா! முழுச் சங்கிலியும் இப்ப எங்கட வீட்டிலதான்! ... ஓமோம், கண்ணி கண்ணியாச் சோதிச்சாச்சு! ஒண்டும் போலி இல்லை! ... மாமி சும்மா புறுபுறுக்கிறா, அதை விடு!"

இரண்டு முழம் தள்ளி ராஜினி சூடை மீன் வாங்கிக்கொண்டு நின்றாள். அவள் மிச்சக் காசையும் வாங்காமல் போனாள் என்று சூடை விற்றவன் பிறகு சொன்னான். ராஜினி மிச்சக் காசை விட்டுப் போனது அந்தக் கரையில் யாரும் கண்டறியாத விசயம்.

இது ஒன்றும் தெரியாமல்தான் சுசிலா அடுத்த நாள் கோயில் கூட்டப் போனாள். அவள் விளக்குமாற்றோடு உள்ளே வர, பாடற்குழு நிறஞ்சனா கதையை நிறுத்தினாள். மற்றவர்களும் பீடத்தைப் பார்த்தார்கள்.

"என்னடி, நான் வரேக்க எல்லாரும் செபம் தொடங்குறியள்?"

"இல்லையக்கா, சும்மா." நிறஞ்சனா மரவாங்கைத் துடைத்தாள்.

ராஜினி பூச்சாடி கழுவிக்கொண்டே, யாருக்கும் சொல்லாத மாதிரிச் சொன்னாள்: "சில பேருக்கு மாதாவை உடுத்த முதலே, தாங்கள் போட்டுப் பாக்க ஆசை."

"சேலையையோ? அது ஆறு முழம்தானக்கா. எனக்குக் காணாது."

யாரும் சிரிக்கவில்லை. சுசிலா தன் பகிடியை நினைத்துத் தானே வெட்கப்பட்டாள்.

"அண்ணைக்கு நாரி எப்பிடி?" ராஜினி விடவில்லை. "கடலுக்குப் போறேல்லை. ஆனா வீட்டில பொழுதுபடப் பெரிய வேலையாமே."

"ஓம், எந்த நேரமும் அந்த அறைக்குள்ளதான்."

"பின்னை இருக்காதே. அது காவல் வைக்கோணும்தானே."

கொம்பியூட்டரை ஏன் காவல் வைக்க வேண்டும் என்று சுசிலாவுக்கு விளங்கவில்லை. விளங்காததோடு கூட்டி முடித்து வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் படலையில் பாதரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னாலேயே நடையில் ராஜினியும் நிறஞ்சனாவும். சுசிலா அவசரமாகத் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தாள். விறாந்தையில் அல்பேர்ட்டுக்குச் சந்தோசம் பொறுக்கவில்லை. அனிஸ்ரனைத் தவிர இதுவரை ஒருவரும் அவரின் பெட்டியைப் பற்றி விசாரித்ததில்லை.

"வாங்கோ பாதர், வாங்கோ. சங்கிலி பாக்கத்தானே வந்தனீங்கள்?"

பாதர் கதிரையில் இருக்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். "அண்ணை... நீங்களே சொல்லுறியள்."

"சொல்லாமல்? ஒளிக்க என்ன கிடக்கு? ஆர் கேட்டாலும் காட்டுவன். அதுதானே இதின்ர விசேசம்."

ராஜினி நெற்றியில் சிலுவை போட்டாள்.

"எப்ப எடுத்தனீங்கள்?" பாதர் குரலைத் தாழ்த்தினார். அல்பேர்ட்டுக்குக் கேட்கவில்லை. பாதர் திரும்பக் கத்த வேண்டியிருந்தது. அயல் முழுக்கக் கேட்டிருக்கும்.

"தையில தொடங்கினது, ஆடியிலதான் முடிஞ்சது. ஒரேயடியா எடுக்கேலாது பாதர். கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்கலாம். அதுவும் இரவிலதான்."

"இரவிலையோ!"

"பகலில எடுத்தா எங்களுக்குக் கட்டாது."

"சுசிலாக்காவுக்குத் தெரியுமோ?"

"முதல்ல கத்தினவ. இப்ப பழகீட்டா."

"தனியத்தான் செய்தனீங்களோ?"

"எனக்கு எங்க இந்த மூளை? சுவிசில மருமோன்தான் வழி சொல்லித் தந்தவன். அவன்ர வீட்டிலயும் கிடக்கு."

"அங்க வேற சங்கிலியோ?" என்றாள் ராஜினி. கண் விரிந்துவிட்டது.

"வேற இல்லையக்கா, இதே சங்கிலிதான். அவனிட்டயும் முழுசாக் கிடக்கு, எங்களிட்டயும் முழுசாக் கிடக்கு. உலகத்தில ஆயிரக்கணக்கான வீட்டில கிடக்கு."

நிறஞ்சனா பாதரின் காதுக்குள், "நாரியில பிடிச்சது தலைக்கு ஏறீட்டுது போல, பாதர்" என்றாள்.

சுசிலா தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றாள். பூச்சாடிக் கதையும் காவல் கதையும் இப்போது ஒவ்வொன்றாக வந்து பொருந்தின.

"அப்பா, தயவுசெய்து வாயை மூடுங்கோ!" தட்டை வைத்தாள். "பாதர், இந்த மனுசன் சொல்லுறது மாதாவின்ர சங்கிலி இல்லை. இது கொம்பியூட்டருக்குள்ள ஓடுற சங்கிலி."

"கொம்பியூட்டருக்குள்ள சங்கிலி ஓடுமோ?" ராஜினி கேட்டாள். "சைக்கிளுக்குத்தான் ஓடும்."

"எனக்கும் விளங்கேல்லையக்கா. ஆனா அதுதான்."

"ராஜினியக்கா தன்ர காதால கேட்டவ." பாதர் நெளிந்தார். "எனக்கு உங்களில சந்தேகம் எண்டில்லை. ஆனா சனம் கதைக்குது. நீங்கள் இந்த முறை திறப்பை ராஜினியக்காவிட்டக் குடுத்திட்டு... உடுத்திறதையும் அவவே செய்தால்..."

சுசிலா கழுத்தில் கிடந்த திறப்பைப் பொத்திப் பிடித்தாள். தைத்த சரிகை அறைக்குள் மடித்துக் கிடந்தது. அது போனால் போகட்டும். இன்று திறப்பைக் கழற்றிக் கொடுத்தால், அவள் செத்த பிறகும் அந்தக் கரையில் மாதாவின் சங்கிலியில் கைவைத்தவள் என்றுதான் பேர்.

"பெட்டியைப் பாத்தால் முடிஞ்சுதே" என்றார் அல்பேர்ட். எந்தப் பெட்டி என்று அவர் தெளிவாகச் சொல்லவில்லை. எல்லாரும் அவருக்குப் பின்னால் அறைக்குள் போனார்கள்.

"இந்தா, இதுதான் சங்கிலி."

"எது?"

"இது."

"உதில இலக்கம்தானே ஓடுது."

"அதுதானக்கா."

"பாதர், உள்ளுக்கதான் ஒளிச்சிருக்கு!" சொல்லி முடிக்க முதல் ராஜினி குனிந்து வயரைப் பிடுங்கினாள்.

இரைச்சல் நின்றது. தைக்குப் பிறகு முதல்முறையாக அந்த வீட்டில் கடல் கேட்டது. கரைக்கு வந்த வலை கடைசி இழுவையில் கிழிந்த மாதிரி அல்பேர்ட் நின்றார். ஒரு சத்தமும் போடவில்லை. அவர் சத்தம் போடாததைத்தான் சுசிலாவால் தாங்க ஏலாமல் போனது.

"ஆரடி வயரைப் புடுங்கினது?"

மூத்தவளை, சபைத் தலைவியை, பாதருக்கு முன்னால் ‘அடி’ போட்டுக் கேட்டுவிட்டாள். சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் பயந்தாள். பிறகு பயத்தை விட்டாள். "அந்த வயரைப் புடுங்குறதெண்டா நான் புடுங்கோணும். பில் கட்டுறது நான்!"

அல்பேர்ட் திருகாணியைக் கழற்றிப் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்தார். ராஜினி தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். தூசி இருந்தது. பல்லி முட்டை ஒன்று இருந்தது.

"இனிப் போதுமோ?" தகட்டைப் பூட்டி வயரைக் கொழுவினார். பெட்டி முனகி எழும்பியது. அவர் குனிந்து வாசித்தார்.

"என்னவாம்?" சுசிலா கேட்டாள்.

"எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனதால பழுதாப் போச்சாம். திருப்பி இறக்கத் தேவையில்லை. ஆனா முதலாம் கண்ணியில இருந்து எல்லாத்தையும் திருப்பிச் சோதிக்கப் போகுதாம்."

"அனிஸ்ரனிட்டத்தான் சரியானது கிடக்கே. உது சரிதானே எண்டு அவனைக் கேட்டுட்டுப் பேசாமல் இருக்காதோ?"

"கேளாது. ஆர் சொன்னாலும் நம்பாது. தானேதான் பாக்கும்."

சுசிலா அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு பாதரின் பக்கம் திரும்பினாள்.

"பாதர், சங்கிலியைக் காணேல்லை எண்டு ஆர் கண்டது?"

"அது... வந்து..."

"அறைவீட்டில இருக்கிற பெட்டியை ஆராவது போய்ப் பாத்தனீங்களோ?"

பாதர் ராஜினியைப் பார்த்தார். ராஜினி நிறஞ்சனாவைப் பார்த்தாள். நிறஞ்சனாவுக்குப் பார்க்க ஆள் இல்லாததால் பல்லி முட்டை இருந்த பக்கம் பார்த்தாள்.

"வேஸ்பருக்கு முதல் திறக்கிற வழக்கம் இல்லையே, அக்கா" என்றார் பாதர்.

"திறக்கிறதைக் கேக்கேல்லை. பாத்தனீங்களோ?"

"திறந்துதான் என்ன வரப்போகுது?" ராஜினி இடையில் விழுந்தாள். "இப்ப சங்கிலி உள்ளுக்க இருந்தாலும், பயத்தில கொண்டுபோய் வைச்சிட்டாய் எண்டுதானே அர்த்தம். திறப்பு உன்ர கழுத்திலதானே கிடக்கு."

அந்தக் கதையில் ஞாயம் இருந்தது. அதுதான் சுசிலாவுக்குக் கூடுதலாகச் சுட்டது. சங்கிலி இல்லாவிட்டாலும் அவள் கள்ளி, இருந்தாலும் கள்ளி. அவள் ராஜினியின் கையைப் பார்த்தாள். சூடை வெட்டி வெட்டிக் கத்தி ஏறிய வடு, பெருவிரலில் குறுக்கால் ஒரு கோடு.

"சரியக்கா. திறக்கவே வேண்டாம். எல்லாரும் வாங்கோ."

வெய்யிலுக்குள் சுடுமணலில் நடந்து அறைவீட்டுக்குப் போனார்கள். அல்பேர்ட்டும் நாரியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். வழியில் வேலிக்கு வேலி தலைகள் முளைத்தன. தலைகளுக்குப் பிறகு ஆட்களே வெளிக்கிட்டு வந்தார்கள். பாதர் அலுமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கி, சுற்றியிருந்த பழைய பீடத்துணியை அவிழ்த்தார்.

அந்தக் கரையில் ஒரு ஆமைப்பூட்டைச் சும்மா பூட்டி வைத்தால் அடுத்த திருவிழாவுக்கு அது பூட்டாக இராது, துருக்கட்டியாக இருக்கும். உப்புக்காற்று. அதனால் பூட்டிய உடனே மெழுகுதிரி உருக்கித் திறப்பு ஓட்டையில் ஊற்றி, விரலால் அமத்தி அடைத்துவிடுவார்கள். வாடிப் பூட்டுக்கும் அப்படித்தான், மாதாவின் பெட்டிக்கும் அப்படித்தான்.

பூட்டின் வாயில் நீல மெழுகு அப்படியே இருந்தது.

"போன வருசம் பூட்டினது ஆரக்கா?"

ராஜினி கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"திருவிழா நீலத்திரியை உருக்கி ஊத்தினது ஆர்? நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். விரலைச் சுட்டிட்டுது எண்டு ஊதினனீங்கள்."

"ஊதினனான்தான். அதுக்கென்ன?"

"அந்த விரலை இதில வையுங்கோ."

"ஏன்?"

"வையுங்கோவன். இந்த முறை சுடாது."

சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, ராஜினி பெருவிரலை மெழுகில் வைத்தாள். குழி அந்த விரலுக்கென்றே தோண்டியது போல் இருந்தது. விரலை எடுத்ததும் பாதர் குனிந்து பார்த்தார். மெழுகின் நடுவில், கத்தி ஏறிய அந்தக் கோடு குறுக்கால் கிடந்தது.

"இந்த மெழுகை உடைக்காமல் திறப்புப் போடேலாது" என்றாள் சுசிலா. "நான் உடைச்சுத் திறந்திருந்தால், இதில இருக்கிறது என்ர விரல். இது ஆற்றை விரல், பாதர்?"

பாதருக்கு முந்திக் கூட்டத்தில் நின்ற சூடைக்காரன் சொன்னான்: "அப்ப கள்ளி ராஜினியக்காவோ?"

"அட, வாயைப் பொத்தடா!" ராஜினிக்கு முகம் சிவந்தது. ஆனாலும் அவள் சபைத் தலைவி. மூச்சு எடுத்து, கையைக் கூப்பி, பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்: "உடைச்ச மெழுகு தன்பாட்டில திரும்பி ஒட்டியிருக்கு, பாதர். மாதா புதுமை செய்திருக்கிறா!"

பாதர் இவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெடித்தது. "ராஜினியக்கா, புதுமை எழுதி ஆயருக்கு அனுப்ப எனக்கு நேரமில்லை. நீங்கள் போய்ப் பூ மாலையைக் கட்டுங்கோ. மாதாவை உடுத்திறது சுசிலாக்காதான்."

"அதோட அவருக்கு ஒரு வார்த்தை சொல்லோணும்" என்றாள் சுசிலா, அல்பேர்ட்டைக் காட்டி. "வயரைப் புடுங்கினதுக்கு."

ராஜினி அல்பேர்ட்டிடம் போய் எதையோ முணுமுணுத்தாள். அது அவருக்குக் கேட்கவில்லை. "என்ன? சத்தமாச் சொல்லுங்கோ!" என்றார். இரண்டாம்முறை ஊருக்கே கேட்கச் சொல்ல வேண்டி வந்தது. அது உண்மையாகவே கேட்காததோ, வேண்டிய கதைக்கு வைத்திருந்த பாதிக் காது செய்த வேலையோ, சுசிலா இன்று மட்டும் விசாரிக்கவில்லை.

வேஸ்பர் நாள் சுசிலா சனத்துக்கு முன்னால் மெழுகைச் சுரண்டிப் பெட்டியைத் திறந்தாள். சங்கிலி இருந்தது. நீலக்கரைச் சேலையை உடுத்தி, சங்கிலியைப் போட்டு, எங்கேயோ ஒரு கண்ணியில் தன் ஒற்றைத் தோடு கிடக்கிறது என்று நினைத்தாள். எந்தக் கண்ணி என்று மாதாவுக்குத்தான் தெரியும். ராஜினி கட்டிய மாலை கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. அதைச் சுசிலா நிமிர்த்தவில்லை.

திருவிழா முடிந்த மறுநாள் காலை அவள் மிஞ்சிய நீலத்திரி ஒன்றோடு வீட்டுக்கு வந்தாள். பெட்டி இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

"எவடம் வந்திட்டுது?"

"இன்னும் பத்து வருசம் பின்னுக்கு நிக்குது" என்றார் அல்பேர்ட். "இதுவரைக்கும் பிழை இல்லை."

சுசிலா நெருப்புப் பெட்டியை எடுத்துத் திரியைக் கொளுத்தினாள். சுவரடியில் குந்தி, வயரின் தலையும் சுவரும் ஒட்டும் இடத்தில் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள்.

"ஐயோ, என்ன செய்யிறாய்? பத்தப் போகுதப்பா!"

"விளிம்பிலதான் விடுறன். சும்மா இருங்கோ." மெழுகு ஆறும் முன் பெருவிரலை வைத்து அமத்தினாள். சுட்டது. ராஜினியைப் போலவே ஊதினாள்.

"இஞ்ச ஆர் வந்து புடுங்கப் போயினம்? ராஜினியக்கா இனி இந்தப் படலைப் பக்கம் வருவாவோ?"

"அவவுக்கு இல்லை." சுசிலா விரலை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள். "நாளையிண்டைக்குக் கரண்ட் பில் வருது."